குமரகுருபரர் மடத்துக் கதைகள்: செய்யுளிலிருந்து பிறந்த வரலாறு

தாமிரபரணியின் வடகரையில், அவ்வாற்றின் கடைசி அணைக்கட்டை ஒட்டி அமைந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1986இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. நவதிருப்பதிகளுள் ஒன்றான கள்ளபிரான் கோயிலும் நவகைலாயங்களுள் ஒன்றான கைலாசநாதர் கோயிலும் இங்கே உள்ளன. பதினேழாம் நூற்றாண்டுப் புலவரும் சைவத் துறவியுமான குமரகுருபரர் பிறந்த ஊர் இது. அவர் பெயரால் இங்கு ஒரு மடமும், பள்ளியும், கல்லூரியும் இருக்கின்றன.

குமரகுருபரரின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருபவை அவருடைய நூல்கள் அல்ல. ஊமைக் குழந்தை திருச்செந்தூரில் பேசியது, மதுரையில் மீனாட்சியம்மை முத்துமாலை அணிவித்தது, காசியில் சிங்கத்தின்மேல் ஏறி அரசவைக்குப் போனது ஆகிய மூன்று கதைகளே நினைவில் நிற்கின்றன. பள்ளிப் பாடநூல்கள், கோயில் மலர்கள், இணையக் கட்டுரைகள் எல்லாம் இவற்றை வாழ்க்கைக் குறிப்புகளாகவே எழுதிச் செல்கின்றன. மறுப்பவர்கள் கட்டுக்கதை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பாரும் செய்யத் தவறுவது ஒன்றுதான்: கதையைக் கையில் வைத்துக்கொண்டு அது சார்ந்த நூலைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால், ஒவ்வொரு கதையும் அந்நூலில் உள்ள ஏதோ ஒரு சொல்லிலிருந்தோ வேண்டுகோளிலிருந்தோ கிளைத்திருப்பது தெரியும். இக்கதைகளை உண்டாக்கியவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர். குமரகுருபரரை ஊன்றிப் படித்தவர்கள்.

பேசாத குழந்தை

சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் மகனாகப் பிறந்த குழந்தை ஐந்து வயது வரை பேசவில்லை. பெற்றோர் அதனைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று, முருகன் சந்நிதியில் நோன்பிருந்தனர். முருகன் அருளால் வாய் திறந்த குழந்தை கந்தர் கலிவெண்பாவைப் பாடியது. கதையின் பொது வடிவம் இது. குழந்தையின் நாவில் முருகன் எழுதினார் என்று ஒரு வடிவம் சொல்லும். முருகன் அடியவர் போல வந்து, கையிலிருந்த பூவைக் காட்டி, இது என்ன என்று கேட்டார் என்று இன்னொரு வடிவம் சொல்லும். பள்ளிப் பாடங்களில் முதல் வடிவமே மிகுதி. இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியது இரண்டாவதை.

ஏனெனில் கந்தர் கலிவெண்பாவின் முதற்சொல் 'பூ'. தாமரைப் பூவில் வீற்றிருக்கும் பிரமனைச் சொல்லித் தொடங்குகிறது நூல். பூவைக் காட்டிக் கேட்ட கேள்விக்குக் குழந்தை 'பூ' என்று விடை சொல்லத் தொடங்கி, அந்த ஒரு சொல்லிலிருந்து நூல் முழுவதையும் சொல்லி முடித்தது என்று கதை அமைகிறது. பேசக் கற்கும் குழந்தைக்குப் பொருளைக் காட்டிப் பெயர் கேட்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நூலின் தொடக்கத்தையும் வீட்டு வழக்கத்தையும் ஒரே நூலில் கோத்தவர் யாரோ, நல்ல வாசகர். இதைச் சுருக்கி எழுதுபவர்கள் முதலில் வெட்டுவது அந்தப் பூவைத்தான் என்பது வருந்தத் தக்கது.

இனி நூலைப் பார்க்கலாம். கந்தர் கலிவெண்பா 122 கண்ணிகள் கொண்டது. சைவ சித்தாந்தத்தின் நுட்பமான பகுதியாகிய ஆறு அத்துவாக்கள், அதாவது மந்திரம், பதம், வன்னம், புவனம், தத்துவம், கலை ஆகியவை, அதில் இறைவனுடைய உருவமாக அமைத்துக் கூறப்படுகின்றன. பதி, பசு, பாசத்தின் இயல்பும், உயிர் பிறவிதோறும் அலைவதும், குருவாக வந்து இறைவன் ஆட்கொள்வதும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு முருகனின் பிறப்பும் சூரபதுமனோடு செய்த போரும். கந்தபுராணத்தின் சாரம் சில கண்ணிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகமம் கற்றவர்கள்கூட உரை வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய நூல் இது. ஐந்து வயதுக் குழந்தை இதைப் பாடியிருக்க முடியுமா என்று கேட்பது எளிது. அக்கதையைச் சொன்னவர்களுக்கும் அது தெரியும். குழந்தையால் ஆகாது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த செய்தி. பாட்டு முருகனுடையது, வாய் குழந்தையுடையது என்பது அவர்கள் கணக்கு.

நூலின் முடிவில் வரும் வேண்டுகோள் இன்னும் முக்கியமானது. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவியும் பாடும் ஆற்றலையும், எட்டுச் செயல்களில் ஒரே வேளையில் மனத்தைச் செலுத்தும் அட்டாவதானத்தையும், எழுத்து முதலான ஐந்திலக்கண அறிவையும் முருகனிடம் கவிஞர் கேட்கிறார். வாக்கைக் கேட்கும் பாட்டு இது. பாடியவர் வாக்கில்லாதவராக இருந்தார் என்று கதை சொல்கிறது. கேட்பவனிடம் இல்லாததைத்தானே கேட்பான் என்று நினைத்த மனம் அந்தக் கதையைப் படைத்திருக்கிறது. நூலில் உள்ள கவிஞர் தம்மை ஊமை என்று எங்கும் சொல்லவில்லை.

கதைக்கு மண்ணும் துணை செய்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றுப் போக்கில் சில கிலோமீட்டர் கிழக்கே, தென்கரையில் இருப்பது ஆழ்வார்திருநகரி. அங்கே பிறந்த நம்மாழ்வார், பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும் இருந்து, கோயில் புளியமரத்தடியில் பதினாறு வயது வரை மோனத்தில் அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. வடநாட்டிலிருந்து ஒளியைப் பின்பற்றி வந்த மதுரகவியாழ்வார் ஒரு கேள்வி கேட்டார்; அதற்கு விடையாகவே முதன்முதலில் வாய் திறந்தார். இங்கும் மோனக் குழந்தை, இங்கும் ஒரு கேள்வி, இங்கும் முதற்பேச்சே ஞானம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்கள் என்று முடிவு கட்டச் சான்றில்லை. ஆனால் நம்மாழ்வார் கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு ஆற்றங்கரையில், சைவர்கள் தங்கள் கவிஞரைப் பற்றி இப்படி ஒரு கதை சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. சீர்காழியில் மூன்று வயதில் பாலுண்டு பாடிய திருஞானசம்பந்தரை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளும் ஆய்வாளர்கள், பக்கத்து ஊரை மறந்துவிடுகிறார்கள். சம்பந்தர் ஊமையாக இருந்தவர் அல்லர் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை.

பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைகளுக்காகக் கந்தர் கலிவெண்பாவை ஓதும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. ஓதுவதில் குறையில்லை. ஆனால் ஐந்து வயது வரை காத்திருந்தால் தானே பேச்சு வரும் என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டுவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. காது கேட்கிறதா என்று முதல் ஆண்டிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கதையை வரலாறாக எடுத்துக்கொள்வதால் வரும் இழப்பு இலக்கியத்தோடு நிற்பதில்லை என்பதற்காகவே இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்துமாலை

குமரகுருபரர் காலம் 1625–1688 என்று பொதுவாக எழுதப்படுகிறது. மதுரையைத் திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை கோயிலில் அரங்கேறியது என்பது மரபு. பாடல்களுக்குக் கவிஞர் பொருள் கூறி வருகையில், அர்ச்சகர் மகளின் உருவத்தில் ஒரு சிறுமி வந்து அரசர் மடியில் அமர்ந்து கேட்டாள். பின்பு அரசர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கவிஞர் கழுத்தில் இட்டு மறைந்தாள்.

இது எந்தப் பருவத்தைச் சொல்லும்போது நடந்தது என்பதில் இரு வழக்குகள் உண்டு. வருகைப் பருவம் என்பார் சிலர். முத்தப் பருவம் என்பார் சிலர். எது சரி என்று வாதிடுவதைவிட, இரண்டும் ஏன் தோன்றின என்று கேட்பது பயன் தரும். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் குழந்தையை நடந்து வருமாறு அழைப்பது. அழைத்தார், வந்தாள். முத்தப் பருவம் குழந்தையிடம் முத்தம் கேட்பது. முத்தம் என்ற சொல் தமிழில் முத்துக்கும் ஆகும் என்பதை வைத்துப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் சிலேடை விளையாடுவது வழக்கம். முத்தம் கேட்டார், முத்து கிடைத்தது. இரு வழக்குகளும் பருவத்தின் பெயரை அப்படியே நிகழ்ச்சியாக்கியவை.

வருகைப் பருவத்தின் புகழ்பெற்ற செய்யுளை எடுத்துக்கொண்டால் பொருத்தம் இன்னும் கூடுகிறது. அச்செய்யுள் முழுவதும் விளிகள். ஒரு வினைமுற்றுக்காகக் கேட்பவர் கடைசி அடி வரை காத்திருக்க வேண்டும். பழைய பாடல்களால் தொடுத்த தொடையின் பயனே என்று அம்மையை அழைத்துத் தொடங்கி, தமிழின் சுவை என்றும், அடியார் உள்ளமாகிய கோயிலில் ஏற்றும் விளக்கு என்றும் அடுக்கிக்கொண்டே போகிறார். தொடை என்பது செய்யுள் உறுப்பின் பெயர். மாலைக்கும் அதுவே பெயர். கவிஞர் சொல்லால் தொடுத்த மாலையை அவளுக்குச் சூட்டுகிறார். கதையில் அவள் முத்தால் கோத்த மாலையை அவருக்குச் சூட்டுகிறாள். மாலைக்கு மாலை. இதைக் கட்டியவர் செய்யுளின் முதல் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மாலை யாருடைய கழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் கவனிக்கத் தக்கது. அம்மை தன் கழுத்து மாலையைத் தரவில்லை. அரசர் மாலையை எடுத்துக் கொடுத்தாள். பரிசளிக்க வேண்டியவர் அரசர். அவரைக் கேளாமலே எடுத்துக் கொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு, ஏனெனில் மதுரைக்கு அரசி அவளே. பிள்ளைத்தமிழ் முழுவதும் மீனாட்சியைப் பாண்டியர் குலக்கொழுந்தாகவும் மதுரையை ஆளும் அரசியாகவும் பாடுகிறது. அந்த அரசியலைக் கதை ஒரே செயலில் காட்டிவிடுகிறது. நீதிநெறி விளக்கம் பாடியதற்காக நாயக்கர் அரியநாயகபுரம் என்னும் ஊரை மானியமாகக் கொடுத்தார் என்றும் மரபு சொல்லும். அந்தக் கொடைக்கு யாரும் அற்புதக் கதை கட்டவில்லை. திருக்குறளின் வழிநின்று ஏறத்தாழ நூறு வெண்பாக்களில் அமைந்த அந்நூலில், முத்துமாலைக் கதைக்கு இடங்கொடுக்கும் சொல் விளையாட்டு இல்லை. அறநூல் மானியத்தைப் பெற்றது, பிள்ளைத்தமிழ் அற்புதத்தைப் பெற்றது.

நின்ற வாக்கு

மதுரையிலிருந்து கதை காவிரிக் கரைக்குச் செல்கிறது. எவரிடம் உன் வாக்குத் தடைபடுகிறதோ அவரே உனக்குக் குரு என்று முருகன் முன்னமே உணர்த்தியிருந்தார். மாயூரத்தை அடுத்த தருமபுரம் ஆதீனத்தின் நான்காம் குருமூர்த்திகளாகிய மாசிலாமணி தேசிகரைக் கண்டபோது, சுந்தரர் தில்லையில் கூத்தப்பெருமானைக் கண்ட நிலையைச் சொல்லும் பெரியபுராணச் செய்யுளுக்கு அனுபவப் பொருள் என்ன என்று தேசிகர் கேட்டார். ஐம்புலனும் கண்ணில் ஒடுங்கி நிற்கும் நிலையைச் சொல்லும் பாட்டு அது. குமரகுருபரர் வாய் அடைத்து நின்றார்; அவரையே குருவாகக் கொண்டார்.

கதைகளுள் வரலாற்றுக்கு மிக அண்மையில் நிற்பது இதுதான். சிங்கமும் இல்லை, சிறுமியும் இல்லை. ஓர் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார், கெட்டிக்கார மாணவர் தோற்கிறார். திருச்செந்தூரில் கேள்வி பேச்சைத் தந்தது. தருமபுரத்தில் கேள்வி பேச்சை நிறுத்தியது. கேட்கப்பட்டதும் புலவருக்குச் சொற்பொருள் தெரியாத பாட்டு அன்று. கற்றவன் தான் கற்றதைப் பட்டறியாமல் நிற்கும் இடத்தை அந்தக் கேள்வி தொட்டது. மாசிலாமணி தேசிகர்மீது பாடிய பண்டார மும்மணிக்கோவையைப் படிப்பவர்கள், அந்தத் தோல்வியை அவர் எவ்வளவு மகிழ்ச்சியோடு வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார் என்பதைக் காண்பார்கள்.

துறவு கேட்டவரைக் காசிக்குப் போய் வருமாறு குரு பணித்ததும், அது நெடுந்தொலைவு என்பதால் முதலில் சிதம்பர வாசம் செய்ததும், வழியில் வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் தில்லையில் சிதம்பர மும்மணிக்கோவையும் சிதம்பரச் செய்யுட்கோவையும் பாடியதும் இவ்விடத்தில் அடங்கும். பாவினங்களுக்கெல்லாம் எடுத்துக்காட்டாக அமைந்த செய்யுட்கோவையை யாப்பு பயிலும் மாணவர்கள் இன்றும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

சிங்கமும் நிலமும்

காசிக் கதைகளே மிகவும் பெருகியவை. தில்லி பாதுஷாவையோ அவருடைய ஆளுநரையோ காணச் சென்ற குமரகுருபரருக்கு அவர்களுடைய மொழி தெரியவில்லை. கலைமகள்மீது சகலகலாவல்லி மாலை பாடினார். இந்துத்தானி மொழி வசமாயிற்று. மறுநாள் சிங்கத்தின்மேல் ஏறி அவைக்குச் சென்றார். அஞ்சிய அரசர், வேண்டுவது யாது என்று கேட்க, மடம் அமைக்க இடம் வேண்டினார். கருடன் வட்டமிடும் இடத்தை எடுத்துக்கொள்ளுமாறு அரசர் சொன்னார். காசியில் கருடன் பறப்பதில்லை என்பது மக்கள் நம்பிக்கை; ஆகவே அது தருவது போல மறுக்கும் சொல். ஆனால் கருடன் வந்து கேதார கட்டத்தின்மேல் வட்டமிட்டது.

முதலில் மாலையைப் பார்க்க வேண்டும். சகலகலாவல்லி மாலையில் பத்துப் பாட்டுகள். இந்துத்தானி என்ற பேச்சே அவற்றில் இல்லை. வடநூற் புலமையையும் செந்தமிழ்ச் செல்வத்தையும் சேர்த்துக் கேட்கிறார். எண்ணும்போதே எளிதில் கவி பாடவும், அவையில் பொருளோடு சொல்லாடவும், அவதானம் செய்யவும் வேண்டுகிறார். இவை ஒரு தமிழ்ப் புலவரின் விருப்பங்கள். திருச்செந்தூரில் முருகனிடம் கேட்டவையும் ஏறக்குறைய இவையே. பிறமொழி அரசனிடம் பேசுவதற்காகப் பாடிய பாட்டு என்றால், அந்தத் தேவை ஒரு வரியிலாவது தலைகாட்டியிருக்க வேண்டும்.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? கடைசிப் பாட்டில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வெண்கொற்றக்குடையின்கீழ் உலகாளும் மன்னரும் தம் பாட்டைக் கேட்ட அளவில் பணியும்படி அருள வேண்டும் என்பது அது. மன்னன் பணிய வேண்டும் என்று பாட்டு கேட்டது. மன்னன் பணிந்தான் என்று கதை முடித்தது. சிங்கமும் இப்படி வந்ததாகக் கருத இடமுண்டு. தமிழில் அரசன் இருக்கைக்குச் சிங்காசனம் என்றும் அரியணை என்றும் பெயர். அரி என்றால் சிங்கம். மரத்தாலும் பொன்னாலும் செய்த சிங்கத்தின்மேல் அமர்ந்தவன் முன், துறவி உயிருள்ள சிங்கத்தின்மேல் அமர்ந்து வருகிறார். இருவரில் யாருடைய அரியணை மெய்யானது என்ற கேள்வியைக் கதை சொல்லாமலே கேட்டுவிடுகிறது.

விலங்கேறி வரும் துறவி தமிழருக்கு மட்டும் உரியவர் அல்லர். மராட்டிய மரபில் சாங்தேவர் பாம்பைச் சாட்டையாகப் பிடித்துப் புலிமேல் ஏறி ஞானேசுவரரைக் காண வந்தார். சூபி ஞானியரைப் பற்றியும் இத்தகைய கதைகள் பல வழங்குகின்றன. மிகவும் நெருங்கிய ஒப்புமை கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த சைப்ரசு தீவில் உள்ளது. குகையில் வாழ்ந்த துறவி புனித மாமாஸ் வரி கட்ட மறுத்தார். ஆளுநர் ஆட்களை அனுப்பிப் பிடித்துவரச் சொன்னார். வழியில் ஆட்டுக்குட்டியைத் துரத்திய ஒரு சிங்கத்தை அடக்கி, குட்டியைக் கையில் ஏந்திச் சிங்கத்தின்மேல் அமர்ந்தே ஆளுநர் முன் வந்தார். அதன்பின் அவருக்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. அத்தீவின் கோயில்களில் சிங்கமேறிய அவர் உருவத்தை இன்றும் காணலாம். தொடர்பே இல்லாத இரண்டு நாடுகளில் ஒரே கதை. இரண்டிலும் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் துறவி. பேரம் நடப்பதோ வரியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும். சிங்கம் அங்கே ஒரு வகைப் பட்டயம். இந்த இடம் அரசன் போட்ட பிச்சையன்று, பறிக்க அவனுக்கு உரிமையில்லை என்று சொல்லும் பட்டயம்.

வரலாற்றின்படி இதற்குச் சிங்கம் தேவைப்பட்டிருக்காது. முகலாய அரசர்கள் துறவியர் மடங்களுக்கு நிலம் வழங்குவது அன்றைய ஆட்சி நடைமுறையே. காசியில் வீரசைவர்களின் ஜங்கமவாடி மடத்துக்கு அக்பர் முதல் ஔரங்கசீப் வரை பலர் கொடுத்த ஆணைகள் உள்ளன. சாஜகானின் மகன் தாரா ஷிக்கோ, காசிப் பண்டிதர்களின் துணையோடு உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து 1657இல் முடித்தார். சில நூல்கள் குமரகுருபரர் கண்டது இவரையே என்கின்றன. தாரா எந்நாளும் பாதுஷா ஆகவில்லை, 1659இல் கொல்லப்பட்டார். ஆனால் பிறசமயத்தாரோடு பேச விரும்பிய ஓர் இளவரசரின் பெயர் கதைக்குள் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பாதுஷா யார் என்று கதை உறுதியாகச் சொல்லாததே, அதற்கு அவர் ஒரு பொருட்டில்லை என்பதைக் காட்டுகிறது.

நிலம் பெறுவதைவிடக் கடினமானது அதைக் காப்பது. 1669இல் ஔரங்கசீப் ஆணையால் காசி விசுவநாதர் கோயில் இடிக்கப்பட்டது. அதே நூற்றாண்டில், அதே நகரில், தென்கோடியிலிருந்து வந்த ஒருவர் நிறுவிய குமாரசாமி மடம் ஊன்றி நின்றது. கேதாரேசுவரர் கோயில் அதன் பொறுப்பில் வந்தது. சிங்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் கட்டுரைகள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. மொழி தெரியாத ஊரில் இடம் பெற்று, தமிழ்நாட்டு வழிபாட்டை அமைத்து, தமக்குப் பின்னும் அது நடக்குமாறு சீடர் பரம்பரையை உண்டாக்கியது எந்த அற்புதத்துக்கும் குறைந்ததன்று. ஒரே இரவில் மொழி வசமானது என்னும் கதை, அதற்காக அவர் ஆண்டுக்கணக்கில் பட்டிருக்கக்கூடிய பாட்டை மறைத்துவிடுகிறது.

துளசிதாசர்

இவற்றோடு பிற்காலத்தில் இன்னொரு செய்தியும் ஒட்டிக்கொண்டது. குமரகுருபரர் காசியில் கம்பராமாயணத்தை இந்துத்தானியில் சொற்பொழிவாற்றினார். துளசிதாசர் அதை நாள்தோறும் கேட்டார். அதனால்தான் அவருடைய இராமாயணத்தில் கம்பன் சாயல் இருக்கிறது என்பது அது. மற்றக் கதைகளுக்குக் காட்டிய பரிவை இதற்குக் காட்ட இயலாது. துளசிதாசர் இராமசரிதமானசத்தை எழுதத் தொடங்கியது 1574இல். அவர் மறைந்தது 1623இல். வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டின்படி குமரகுருபரர் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. பிறப்பைச் சில ஆண்டுகள் முன்னே தள்ளினாலும், திருமலை நாயக்கர் அவையைக் கண்டபின் காசி சென்றவர் துளசிதாசருக்குக் கதை சொல்லியிருக்க வழியில்லை.

இது குமரகுருபரரின் எந்தச் செய்யுளிலிருந்தும் கிளைத்ததில்லை. முன்னைய கதைகள் அவரைப் படித்தவர்கள் சொன்னவை. இதுவோ, கம்பன் வடக்கே போய்ச் சேர்ந்தான் என்று நிறுவ விரும்பியவர்கள் ஒரு தூதரைத் தேடியதால் வந்தது. அறிஞர் எனப்படுவோர் நூல்களிலும் இது இடம்பெறுவதால் மாணவர்கள் தயங்காமல் எடுத்தாள்கிறார்கள். தேர்வுத்தாளில் எழுதுமுன் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால் போதும்.

மடமும் பதிப்பும்

குமரகுருபரருக்குப் பின் ஆறாவது பட்டத்தில் இருந்த தில்லைநாயக சுவாமிகள் 1720இல் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார். அதன் தலைவர்கள் காவிரிக் கரையில் இருந்தாலும் 'காசிவாசி' என்றே அழைக்கப்படுகிறார்கள். கேதார கட்டத்து மடத்தை நிறுவியவர் வழியில் வந்தவர்கள் என்பதற்கு அந்தப் பட்டமே அடையாளம். இம்மடத்தின் ஆதரவோடு உ.வே.சாமிநாதையர் 1939இல் குமரகுருபர சுவாமிகள் பிரபந்தத் திரட்டைக் குறிப்புரையுடன் பதிப்பித்தார். கதைகளைக் காத்த அதே நிறுவனம்தான் அக்கதைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய மூலநூல்களையும் காத்துத் தந்தது. மடங்கள் பொய்க்கதை பரப்புகின்றன என்று பொதுப்படச் சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மடத்தின் மீது சொல்லத்தக்க குறை வேறு. நூல்களை அச்சிட்ட அளவுக்கு, காசியில் மடம் அமைந்த வரலாற்றை ஆவணங்களோடு எளிய தமிழில் மாணவர் கையில் சேர்க்கும் முயற்சி நடக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சிங்கம் இன்னும் உலவுகிறது.

நவராத்திரியில் கலைமகள் பூசையன்று பல வீடுகளிலும் பள்ளிகளிலும் சகலகலாவல்லி மாலை பாடப்படுகிறது. பாடும் பிள்ளைகளுக்கு இந்துத்தானிக் கதையும் சொல்லப்படுகிறது. காசியில் இருந்த காலத்தில் அவர் பாடிய பெரிய நூல் காசிக் கலம்பகம். அந்நகரில் இறப்பவரின் செவியில் சிவபெருமானே தாரக மந்திரத்தை ஓதுகிறார் என்னும் வடநாட்டு நம்பிக்கையை, அகத்துறைகளும் சிலேடைகளும் நிறைந்த தமிழ்க் கலம்பக உறுப்புகளுக்குள் கொண்டுவந்த நூல் அது. பிரபந்தத் திரட்டில் இந்துத்தானி நூல் ஒன்றுகூட இல்லை. கங்கைக்கரையில் இருந்துகொண்டும் அவர் பாடியது தமிழில்தான்.